காரை ஒடிக்கும்போது ‘டக் டக்’ சத்தமா? சிவி ஜாயிண்ட்டும் அதை மாற்றும் வேலையும்

“ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினால் முன்னாடி ‘டக் டக் டக்’ என்று சத்தம் வருகிறது” என்று நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். ஒருவர் பேரிங் போய்விட்டது என்பார். இன்னொருவர் ஸ்டியரிங் ராக்கைக் கைகாட்டுவார். மூன்றாமவர், “ஆக்சில் அவுட், ரெண்டு பக்கமும் மாத்திடுங்க” என்பார். நாலாமவர் கிரீஸ் அடித்தால் சரியாகிவிடும் என்று அடித்துச் சொல்வார். இத்தனை யோசனைக்கும் நடுவில், சிவி ஜாயிண்ட் என்பது என்ன, ஏன் தேய்கிறது என்று விளக்குகிறவர்கள் குறைவு. அதனால்தான் நல்ல ஆக்சிலைக் கழற்றிப் போடுவதும், கெட்ட ஆக்சிலோடு மாதக்கணக்கில் ஓட்டுவதும் ஒருசேர நடக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டால், சத்தத்தை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பதும் அதை வீட்டிலேயே மாற்றுவதும் அவ்வளவு மர்மமான காரியம் இல்லை. பிரேக் பேடு மாற்றிப் பழகிய கைக்கு இது அடுத்த படி. இதுவரை காரில் ஒரு சக்கரம்கூடக் கழற்றியதில்லை என்றால் படித்துப் புரிந்துகொள்ளுங்கள், வேலையை மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

முன்சக்கரத்துக்கு வந்த இரட்டை வேலை

அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் எஞ்சினின் சக்தி பின்சக்கரத்துக்குப் போனது. முன்சக்கரத்தின் வேலை திரும்புவது மட்டும். 1983-ல் வந்த மாருதி 800-ல் முன்சக்கரங்களே காரை இழுத்தன. இன்று நம் தெருவில் நிற்கும் சிறிய கார்களில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கியர்பாக்ஸ் காரின் உடம்போடு கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. சக்கரமோ பள்ளத்தில் இறங்குகிறது, வேகத்தடையில் ஏறுகிறது, இடமும் வலமும் திரும்புகிறது. கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இரும்புத் தண்டுக்கு டிரைவ் ஷாஃப்ட் என்று பெயர். பட்டறையில் ‘ஆக்சில்’ என்றுதான் சொல்வார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். வளையாத இந்த ஆக்சில், தன் இரு முனையிலும் வளைந்துகொடுக்க வேண்டும். அதே நேரத்தில் சுற்றுவதையும் நிறுத்தக் கூடாது.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் ஹோஸில் ஒரு முழத்தை எடுத்து லேசாக வளைத்துப் பிடியுங்கள். ஒரு முனையை விரலால் முறுக்கினால் மறுமுனையும் அதே அளவு, அதே வேகத்தில் சுற்றும். வளைவு இருந்தும் சுழற்சி தடங்கலில்லாமல் போய்ச் சேர்கிறது. நமக்கு வேண்டியது இதுதான். ஆனால் ஒரு டன் எடையுள்ள காரை மேட்டில் ஏற்றும் விசையை ஹோஸ் தாங்காது, முறுக்கிக்கொண்டு மடங்கிவிடும். ஹோஸ் செய்யும் வேலையை எஃகில் செய்து காட்டுவதுதான் சிவி ஜாயிண்ட். ‘சிவி’ என்பது மாறாத வேகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

பழைய கிராஸ் ஏன் போதாது

லாரிக்கு அடியில் நீளமாக ஓடும் ஷாஃப்டின் முனையில், கூட்டல் குறி வடிவில் ஓர் இணைப்பைப் பார்த்திருப்பீர்கள். அது யுனிவர்சல் ஜாயிண்ட், பட்டறைப் பேச்சில் கிராஸ். அதுவும் வளைந்துகொடுக்கும், சுழற்சியையும் கடத்தும். அதையே முன்சக்கரத்திலும் போட்டுவிடலாமே?

போடலாம், ஆனால் ஸ்டியரிங் உதறும். கிராஸ் வளைந்த நிலையில் சுற்றும்போது, உள்ளே போகும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே வரும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறி இறங்கும். 30 டிகிரி வளைவில் உள்ளே நிமிடத்துக்கு 1000 சுற்று கொடுத்தால், வெளியே அது 866-க்கும் 1155-க்கும் இடையில் ஊசலாடும். லாரியில் வளைவு சிறியது. தவிர, இரண்டு முனையிலும் கிராஸ் வைத்து, ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுகட்டும்படி பொருத்துகிறார்கள். முழுசாக ஒடித்த முன்சக்கரத்தில் வளைவு 40 டிகிரியைத் தொடும், அங்கே இந்த உபாயம் செல்லாது.

இதுவரை பார்த்தது: முன்சக்கரம் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். வளைவு எவ்வளவு இருந்தாலும் வேகம் மாறாமல் கடத்தும் இணைப்பு தேவை. சாதாரண கிராஸ் வளைந்துகொடுக்கும், ஆனால் வேகத்தைச் சீராக வைக்காது.

கிண்ணத்துக்குள் ஆறு குண்டுகள்

இந்தச் சிக்கலுக்கு 1920-களில் வழி கண்டவர் ஃபோர்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆல்ஃபிரட் ஜெப்பா. அவருடைய வடிவத்தின் வழிவந்த இணைப்பை 1959-ல் வந்த பிரிட்டிஷ் மினி கார் ஏராளமான எண்ணிக்கையில் பயன்படுத்தியது. சக்கரப் பக்கம் இன்று பார்க்கும் சிவி ஜாயிண்ட் பெரும்பாலும் அந்தக் குடும்பம்தான்.

அதில் நாலு உறுப்புகள். சக்கரத்தோடு இணைந்த ஒரு கனத்த எஃகுக் கிண்ணம், அதன் உட்சுவரில் ஆறு பள்ளக் கோடுகள். ஆக்சில் முனையில் ஓர் உள் வளையம், அதன் வெளிப்புறத்திலும் ஆறு பள்ளங்கள். இரண்டுக்கும் நடுவே, ஒவ்வொரு ஜோடிப் பள்ளத்திலும் ஓர் எஃகுக் குண்டு. ஆறு குண்டுகளையும் ஒரே தளத்தில் பிடித்து வைக்கும் ஜன்னல் வைத்த வளையம், அதற்குக் கேஜ் என்று பெயர். ஆக்சில் சுற்றினால் உள் வளையம் குண்டுகளைத் தள்ளும், குண்டுகள் கிண்ணத்தைத் தள்ளும், சக்கரம் சுற்றும்.

சூட்சுமம் முழுவதும் கேஜில் இருக்கிறது. ஆக்சிலுக்கும் சக்கரத்துக்கும் இடையில் 40 டிகிரி வளைவு இருந்தால், பள்ளங்களின் வடிவமும் கேஜும் சேர்ந்து ஆறு குண்டுகளையும் சரியாக 20 டிகிரியில், அதாவது வளைவைப் பாதியாக வகிர்ந்த தளத்தில் நிறுத்தும். தள்ளுகிற பக்கத்திலிருந்தும் தள்ளப்படுகிற பக்கத்திலிருந்தும் குண்டு ஒரே தூரத்தில் இருப்பதால் வேகம் கூடவும் குறையவும் வழியில்லை. வளைத்த ஹோஸும் இப்படித்தான், வளைவின் நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும்.

கார் நேராகப் போகும்போது குண்டுகள் தம் இடத்தில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ஒடித்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பள்ளத்தில் முன்னும் பின்னும் ஓடிவரும். இதை நினைவில் வையுங்கள், ‘டக் டக்’ சத்தத்தின் காரணம் இங்கேதான் இருக்கிறது.

கியர்பாக்ஸ் பக்கத்து ஜாயிண்ட் வேறு மாதிரி. அதில் பெரும்பாலும் குண்டுக்குப் பதிலாக மூன்று உருளைகள், அதற்கு ட்ரைபாட் என்று பெயர். சக்கரம் ஏறி இறங்கும்போது ஆக்சிலுக்குத் தேவைப்படும் நீளம் கொஞ்சம் கூடும், குறையும். அந்த வித்தியாசத்தை உருளைகள் உள்ளே வெளியே வழுக்கி ஈடுகட்டும். ஓர் ஆக்சிலுக்கு இரண்டு ஜாயிண்ட், காருக்கு நாலு.

தேய்மானம் ரப்பரில் தொடங்குகிறது

பலரும் நினைப்பது போல சிவி ஜாயிண்ட் இத்தனை கிலோமீட்டரில் போய்விடும் என்று ஒரு கணக்கு கிடையாது. கிரீஸ் உள்ளே இருக்கும் வரை, மண் வெளியே இருக்கும் வரை, அது காரின் ஆயுள் முழுவதும்கூட உழைக்கும். இந்த இரண்டையும் பார்த்துக்கொள்வது மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் உறை. அதன் பெயர் பூட். இரண்டு முனையிலும் இரும்புப் பட்டைக் கிளாம்ப் போட்டு இறுக்கியிருப்பார்கள்.

வெயிலும் வயதும் சேர்ந்து ரப்பர் விறைத்து மடிப்பின் அடியில் வெடிக்கும். ஒரு கல் கிழிக்கலாம், எலி கடிக்கலாம். கிழிந்த பூட்டுக்குள் இருக்கும் கிரீஸைச் சுழற்சி வெளியே விசிறியடித்துவிடும். சக்கரத்தின் உட்பக்கத்திலும் சஸ்பென்ஷன் மீதும் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் அடையாளம் அதுதான். அடுத்த மழையில் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும். மணலும் மிச்சக் கிரீஸும் கலந்த குழம்பு எஃகை அரைக்கத் தொடங்கும்.

போன ஜாயிண்ட் ஒன்றை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். பள்ளக் கோடு முழுக்க ஒரே சாம்பல் நிறமாக இருக்கும், நடுவில் மட்டும் கண்ணாடி போல ஒரு வட்டப் பளபளப்பு. நேராக ஓடிய காலமெல்லாம் குண்டு உட்கார்ந்திருந்த இடம் அது. நகத்தை அதன்மேல் இழுத்தால் விளிம்பில் தட்டும். கார் நேராகப் போகும்போது குண்டு அந்தக் குழிக்குள்ளேயே கிடப்பதால் சத்தமில்லை. ஒடித்ததும் குழியை விட்டு ஏறி இறங்கியாக வேண்டும். ஒவ்வொரு தடவை விளிம்பைத் தாண்டும்போதும் ஒரு ‘டக்’. கேஜின் ஜன்னல்களும் தேய்ந்து அகன்றிருந்தால் சத்தம் இன்னும் கூடும்.

கிரீஸ் அடித்தால் சரியாகிவிடும் என்ற யோசனைக்கு இதிலேயே பதில் இருக்கிறது. குழி விழுந்த எஃகைக் கிரீஸ் நிரப்பாது, சத்தத்தைச் சில நாள் அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். ஆனால் பூட் கிழிந்தும் சத்தம் வராத நிலையில் பிடித்துவிட்டால் கதை வேறு. ஜாயிண்ட்டைக் கழற்றிக் கழுவி, குழி இல்லை என்று உறுதி செய்து, புது கிரீஸும் புது பூட்டும் போட்டால் பிழைத்துக்கொள்ளும். டயருக்குக் காற்று பிடிக்கும் நாளில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து வைத்து, மடிப்புகளை டார்ச் அடித்துப் பாருங்கள். இதற்கு ஈடான பராமரிப்பு இந்த விஷயத்தில் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது

ஆளில்லாத மைதானத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்து வட்டமடியுங்கள். ‘டக் டக்’ கேட்டு, வேகத்தோடு அது நெருக்கமானால் சக்கரப் பக்கத்து ஜாயிண்ட். மறுபக்கமும் ஒடித்துப் பாருங்கள். எந்தப் பக்கத்துச் சத்தம் என்பதைக் காது மட்டும் தீர்மானிக்க வேண்டாம், காருக்குள் அது திசை மாறிக் கேட்கும். எந்தப் பூட் கிழிந்திருக்கிறது என்பது நல்ல சாட்சி.

நேராகப் போகையில் ஆக்சிலரேட்டர் மிதித்தால் உதறி, காலை எடுத்தால் நின்றுவிடுகிறதா? கியர்பாக்ஸ் பக்கத்து ஜாயிண்ட் மேல் சந்தேகப்படுங்கள். மிதித்தாலும் எடுத்தாலும் விடாமல் ‘ஊம்ம்’ என்று வேகத்தோடு ஏறும் சத்தம் பெரும்பாலும் சக்கர பேரிங். அதற்கு ஆக்சிலை மாற்றிப் பயனில்லை.

சத்தத்தோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் ஒருநாள் ஜாயிண்ட் உடையும். அப்போது கார் நகராது. ஒரு பக்கம்தானே உடைந்தது, மறு சக்கரம் இழுக்காதா என்று கேட்கலாம். இழுக்காது. திருப்பத்தில் இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதிக்கு டிஃபரென்ஷியல் என்று பெயர். ஒரு பக்கம் தடையில்லாமல் சுற்ற முடிந்தால் அது எல்லாச் சுழற்சியையும் அந்தப் பக்கமே விட்டுவிடும்.

இதில் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. ஆக்சில் உடைந்தாலோ, நீங்களே கழற்றினாலோ, கியரில் போட்டு நிறுத்திய கார் கியரில் நிற்காது. ஆட்டோமேட்டிக்கில் ‘பார்க்’ போட்டிருந்தாலும் அப்படியே. ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினாலே இந்த நிலைதான். அப்போது காரைப் பிடித்து வைப்பவை கைப்பிரேக்கும் பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைத்த கட்டைகளும்தான்.

எதை வாங்குவது

கடையில் மூன்று விதமாகக் கேட்கலாம். பூட் கிட், சக்கரப் பக்கத்து ஜாயிண்ட் மட்டும், அல்லது முழு ஆக்சில். ஜாயிண்ட் மட்டும் வாங்கினால் செலவு குறைவு, வேலை அதிகம். முழு ஆக்சிலில் ஜாயிண்ட்டைப் பிரிக்கும் வேலையே இல்லை. முதல்முறை செய்பவருக்கு முழு ஆக்சிலைத்தான் நான் சொல்வேன், அதுவும் பேர் தெரிந்த தயாரிப்பாக. மலிவான ஆக்சிலைப் போட்டுவிட்டு மறுபடியும் இதே வேலையைச் செய்வது வீண். கூடவே புது ஹப் நட், ஆக்சில் நுழையும் இடத்தில் ஆயில் ஒழுகாமல் தடுக்கும் கியர்பாக்ஸ் ஆயில் சீல், காரின் கையேடு சொல்லும் கியர் ஆயில் மூன்றையும் வாங்கி வையுங்கள்.

கழற்றும் வேலை

சக்கரத்தின் நடுவில், ஆக்சிலின் முனையைப் பிடித்திருக்கும் பெரிய நட்டுதான் ஹப் நட். அது பெரும்பாலும் 150 முதல் 300 நியூட்டன் மீட்டர் இறுக்கத்தில் இருக்கும். 200 நியூட்டன் மீட்டர் என்றால், ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 20 கிலோ தொங்குவது. அதனால் கார் தரையில் நிற்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, நட்டு கழலாமல் இருக்க மடக்கிவிட்ட அதன் விளிம்பை உளியால் நிமிர்த்தி, நட்டைச் சற்றே இளக்கிக்கொள்ளுங்கள். இளக்கிய பிறகு காரை உருட்டக் கூடாது. பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பது அந்த நட்டு.

அப்புறம் கட்டைகள், கைப்பிரேக், ஜாக்கி, ஸ்டாண்டு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. காரைத் தாங்க வேண்டியது இரும்பு ஸ்டாண்டு. ஸ்டாண்டு இல்லையென்றால் இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம்.

கியர் ஆயிலை இறக்குவதற்கு முன், ஆயில் ஊற்றும் துளையின் மூடி திறக்கிறதா என்று பாருங்கள். கீழே ஆயிலை வடித்துவிட்டு மேல் மூடி மரை பிடித்துக்கொண்டால் கார் அங்கேயே நிற்கும்.

சக்கரத்தைக் கழற்றியதும் எதிரில் தெரியும் கனத்த வார்ப்பிரும்புப் பகுதி நக்கிள். சக்கரத்தைத் தாங்கித் திருப்புவது அது. அதைக் கீழ்க்கையிலிருந்து, அதாவது லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட்டிலிருந்து விடுவித்தால் வெளியே சாய்க்கலாம். தேவைப்பட்டால், ஸ்டியரிங்கையும் நக்கிளையும் இணைக்கும் டை ராடையும் கழற்றுங்கள். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் சென்சார் ஒயரும் இழுபடாமல் கவனியுங்கள். காலிப்பரைக் கழற்ற வேண்டிவந்தால் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது.

ஹப் நட்டை முனையோடு சமமாக நிற்கும் அளவு விட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டினால் ஆக்சில் உள்ளே நகரும். மரையின் மேல் நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் முனை விரிந்துவிடும். நகர்ந்த பிறகு நட்டை எடுத்துவிட்டு, நக்கிளைச் சாய்த்து முனையை உருவுங்கள்.

கியர்பாக்ஸ் பக்கம் ஆக்சிலைப் பிடித்திருப்பது சர்க்ளிப், வளையமான ஒரு ஸ்பிரிங் கம்பி. ஜாயிண்ட் உடம்புக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் லீவர் கம்பியைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் ‘டக்’கென்று விடுபடும். ஆக்சில் தண்டைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் உருளைகள் பிரிந்து பூட்டுக்குள் கொட்டிவிடும், அதனால் நெம்புவது ஜாயிண்ட் உடம்பையே. சில கார்களில் சர்க்ளிப்புக்குப் பதில் போல்ட் வரிசை இருக்கும், அதில் நெம்பும் வேலை இல்லை. மிச்ச ஆயில் வழியும், தட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் மாற்றுவதாக இருந்தாலும் ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் சில கியர்பாக்ஸ்களில் டிஃபரென்ஷியலின் உள்பல்சக்கரம் இடம் நகர்ந்துவிடும்.

மாட்டும் வேலை

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து ஒப்பிடுங்கள். நீளம், இரு முனையிலும் உள்ள பற்களின் எண்ணிக்கை, ஏபிஎஸ் வளையம் உண்டா இல்லையா. பற்களை எண்ணியே பாருங்கள். ஒரே மாடல் காரிலும் ஆண்டுக்கு ஆண்டு இது மாறும்.

ஜாயிண்ட் மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால், தண்டை வைஸில் மரத்துண்டு வைத்துக் கவ்வி, பழைய பூட்டை வெட்டி எறிந்து, பித்தளைக் கம்பியை உள் வளையத்தின் மேல் வைத்துத் தட்டிக் கழற்ற வேண்டும். புது ஜாயிண்ட்டைப் போடுவதற்கு முன் சிறிய கிளாம்ப்பையும் பூட்டையும் தண்டில் கோத்துவிடுங்கள், பிறகு அவை நுழையாது. புது சர்க்ளிப் போட்டு, அது பூட்டிக்கொள்ளும் வரை ஜாயிண்ட்டைத் தட்டி ஏற்றுங்கள். கிட்டில் வரும் கறுப்புக் கிரீஸ் மாலிப்டினம் கலந்தது, அளவாகக் கொடுத்திருப்பார்கள், பாக்கெட் முழுவதையும் போடுங்கள். அதற்குப் பதில் வேறு கிரீஸ் வேண்டாம். கிளாம்ப்பை இறுக்கும் முன் பூட்டின் உதட்டைச் சற்றுத் தூக்கி உள்காற்றை விடுங்கள்.

கியர்பாக்ஸில் புது ஆயில் சீலைப் பொருத்தி, அதன் உதட்டில் கியர் ஆயில் தடவி, ஆக்சிலைச் சாய்க்காமல் நேராக நுழைத்துவிடுங்கள். பற்கள் சீலைக் கீறினால் நாளைக்கே ஒழுகும். சர்க்ளிப் பூட்டியதும் கையில் தெரியும். ஜாயிண்ட் உடம்பைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. வராவிட்டால் நக்கிள், பால் ஜாயிண்ட், டை ராட் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, புது ஹப் நட்டைப் பிரேக் மிதித்த நிலையில் ஓரளவு இறுக்கி, சக்கரத்தைப் போட்டு இறக்குங்கள். கடைசி இறுக்கம் தரையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு, கையேட்டில் உங்கள் காருக்குச் சொன்ன அளவில். முடிந்த மட்டும் இறுக்குவது என்பது இங்கே செல்லாது: குறைந்தால் பேரிங் ஆடும், கூடினால் மரை போகும். பிறகு நட்டின் விளிம்பை ஆக்சில் முனையின் பள்ளத்துக்குள் உளியால் மடக்கிவிடுங்கள். கியர் ஆயிலைக் கையேட்டின் அளவுக்கு ஊற்றுங்கள்.

பிரேக்கை இரண்டு மூன்று தடவை மிதித்து, கால் கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அதே மைதானம், அதே வட்டம், இரண்டு பக்கமும். சத்தமில்லை என்றால் வீட்டுக்கு வந்து கியர்பாக்ஸ் சீலுக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் அதில் ஆயில் சொட்டு இல்லாவிட்டால் வேலை முடிந்தது. நக்கிளைச் சஸ்பென்ஷன் ஸ்டிரட்டோடு இணைக்கும் போல்ட்டை இளக்கியிருந்தாலோ டை ராட் மரையைத் திருகியிருந்தாலோ மட்டும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.